நாலு பேர் சாய்த்த வண்டி

"நாலு பேரு சேந்து வண்டியச் சாய்ச்சோம் மாமா. அப்பவும் ஸ்டார்ட் ஆவல."

பெங்களூர் நீலசந்திராவில் ஏறிய இருவர் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிய இளைஞன் ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் புது மெக்கானிக். அவன் வண்டி என்றது, அங்கே வருபவர்கள் மண்மேட்டில் ஓட்டும் நாலு சக்கர பைக்கை. நான் மடியில் விரித்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"அத ஏன்டா சாய்ச்ச?" என்றார் அவனுடைய அக்கா புருஷன்.

"உன் ஸ்கூட்டரு சாய்ச்சாதான ஸ்டார்ட் ஆவுது? இதுவும் அதே டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான்."

"அதுக்கு பெட்ரோல் வராது, சாய்க்கிறேன். இதுல பெட்ரோல் ரொம்பிப் போயிருக்கு. ஸ்பார்க் ப்ளக்கு ஈரமா இருந்துச்சா?"

"தொடைச்சுத் தொடைச்சு மாட்டினேன். மறுபடி நனையுது."

"பெட்ரோல் டேப்ப மூடினியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கொழாயத் தெறந்து வெச்சிட்டு வாசலத் தொடைச்சா காயுமாடா?"

"பத்து மணிக்கு ஓனரு வராரு மாமா. ஓடலன்னா வேற மெக்கானிக்கப் பாத்துக்கறேன்னுட்டாரு. சேந்து எட்டு நாள்தான் ஆவுது."

"டேப்ப மூடு. ப்ளக்கக் கழட்டு. சோக்கத் தொடாத. ஆக்ஸிலேட்டர முழுசாப் புடிச்சு இருவது கிக்கு அடி. உள்ள நிக்கிற பெட்ரோல் வெளிய வந்துடும். அப்பறம் காஞ்ச ப்ளக்கா மாட்டி டேப்பத் தெற. சாய்ச்சத மட்டும் ஓனர்கிட்ட சொல்லாத."

"காஞ்ச ப்ளக்குக்கு இப்ப எங்க போறது?"

அவர் கைக்குட்டையில் சுற்றிய ப்ளக் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"அப்ப உன் ஸ்கூட்டரு?"

"நேத்தே வண்டி ஓடலன்னியே, அதான் அதுலேந்து கழட்டியாந்தேன். வீட்ல நிக்குது. இல்லன்னா நான் ஏன்டா பஸ்ல வரேன்?"