பைக்கும் சாமை மூட்டையும்

வெள்ளிமலை பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் சொன்ன ஒரு வரியில்தான் எனக்குக் குறுநாவல் எழுதும் ஆசை வந்தது.

"பைக் குடுக்கறன்னு சொன்னதுக்கா உங்கப்பா கோச்சிக்கினு எழுந்து போவாரு?"

அவள் சங்கராபுரத்தில் அரசாங்க வேலை பார்ப்பவரின் மகள். பக்கத்தில் இருந்தவன் மலைக்காரன். முந்தின நாள் இரு வீட்டாரும் கல்யாணம் பேசப் போய்ப் பேச்சு முறிந்திருந்தது. கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் இவ்வளவும் என் காதில் விழுந்துவிட்டது.

"எங்க மலையில மாப்பிள்ள வூடுதான் பரிசம் குடுக்கும், ஸ்டெல்லா. பொண்ணையும் குடுத்து பைக்கும் குடுத்தா, பொண்ணுக்கு இன்னா குறைன்னுதான கேப்பாரு?"

"குறையா? எனக்கா?"

"நான் சொல்லல, அப்பா சொன்னாரு. உங்கப்பா மட்டும் இன்னாவாம்? பரிசமா ரெண்டு மூட்ட சாமை எறக்கினதுக்கு, நாங்க சோத்துக்கு இல்லாம கெடக்கறமான்னு கேட்டாரே."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் அவளைப் பெண் பார்க்க வருகிறானாம்.

"இன்னிக்கு உங்கப்பாகிட்ட நானே பேசறன். பைக் கெடையாது, ஆனா ரெண்டு மூட்ட கம்மி, எனக்கு நாலு வேணும்னு கேக்கப் போறன்."

"அவரு குளுந்துடுவாரு. உங்கப்பாவ இன்னா பண்றது?"

"அப்புறம் நீ சங்கராபுரம் போய் பைக் வேணான்னு சொல்லு. வேணான்னு சொல்ற மாப்பிள்ளய அவரு இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

வெள்ளிமலை வந்தது. "நீ முன்னாடி போவாத," என்று அவனிடம் சொல்லிவிட்டு அவளே முதலில் இறங்கினாள்.