மடியில் இருந்த கத்தரிக்காய்

சங்கரன்கோவிலிலிருந்து வாசுதேவநல்லூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண்ணின் மடியில் ஒரு பை கத்தரிக்காய் இருந்தது.

“தோட்டத்துல கத்தரி நட்டுட்டு, கடையில வாங்குதியேக்கா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“மயிலுக்குப் பயந்து நாத்த வீட்டுக்குள்ள, எங்க வீட்டுக்காரவிய கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். படுத்த படுக்கையா கெடந்தாலும் அவியதான் தண்ணி தெளிச்சு வளத்தாவ. நாலு நாள் வாசல்ல வச்சு வெயிலுக்குப் பழக்கிட்டு நடுன்னாவ. நான் கேக்கல. நேரா கொண்டுபோயி நட்டேன். ஒரே நாள்ல அம்புட்டும் கருகிட்டு.”

“அவியட்ட சொல்லலியா?”

“பூத்திருக்குன்னேன். பெறவு காய்ச்சிருக்குன்னேன். இப்ப வாரா வாரம் வாங்கிட்டுப் போயி காட்டுதேன்.”

கண்டக்டர் கடந்து போனதும் பைக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கு அவியளே ஆட்டோ சொல்லிட்டாவ. செடியப் பாக்கணுமாம்.”