புழு ஓட்டை உள்ள அவரைக்காய்

மார்கழிக் குளிருக்குப் பயந்து சன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்த அரியலூர் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கை அம்மா சொன்னது தெளிவாகவே காதில் விழுந்தது.

“பஸ் ஸ்டாண்டுக் கடையில, புழு ஓட்டை இருக்கற அவரைக்காயாப் பாத்துப் போடுப்பான்னு கேட்டு வாங்கியாறேன்.”

பக்கத்தில் இருந்த பெண் அவருடைய ஒயர் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். “ஏங்க்கா, காசு குடுத்து யாராச்சும் சொத்தைக் காய வாங்குவாங்களா?”

“அரியலூர்ல சம்பந்தி வூட்டுக்குப் போறேன்டி. எங்க வூட்டுக் கொடியில காய்ச்சது, மருந்தே அடிக்கலன்னு போன்ல அளந்து வுட்டுட்டேன். கொடியில பேன் பூச்சி வுழுந்து பூவெல்லாம் உதுந்துபோச்சு. பளபளன்னு கடைக்காயக் கொண்டுபோனா நம்புவாங்களா?”

“கடைக்காரரு சிரிக்கலையா?”

“அவரு ஏன் சிரிக்கறாரு? ‘நீங்களும் சம்பந்தி வூட்டுக்காம்மா?’ன்னு கேட்டாரு. போன வாரம் அரியலூர்லேருந்து வந்த ஒரு அம்மா, பஸ்ஸை வுட்டு எறங்குனதும் இப்புடித்தான் ஓட்டை மொச்சையாப் பொறுக்கிட்டுப் போனாங்களாம்.”

பக்கத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யய்யோ, உங்க சம்பந்தியம்மாவாக்கா?”

“வேற யாரு? ‘எங்க வயக்காட்டு மொச்சை’ன்னு மடியில கொட்டுனாங்க. நானும் ஒவ்வொரு ஓட்டையாக் காட்டிக் காட்டி, ‘மருந்தடிக்காத காயின்னா இதான்டி’ன்னு தெரு பூரா குடுத்தேன். நீகூட வாங்கித் தின்னியே!”