கேட்டு வாங்காத குட்டி

உங்கள் ஜன்னலில் இருக்கும் சிலந்திச் செடிக்கு இலை நுனியெல்லாம் கருகியிருக்கிறது, ஐயா. யாரோ குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றுகிறார்கள். வாளியில் பிடித்து, ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது.

நான் அழுதுகொண்டே வருவேன் என்று நினைத்திருப்பீர்கள். எதற்கு அழ வேண்டும்? கேட்டீர்கள், சொல்கிறேன்.

எங்கள் பால்கனியில் இந்தச் செடியில் பல வகை உண்டு. இலை நடுவில் வெள்ளைக் கோடு போட்டது, ஓரத்தில் வெள்ளை போட்டது, இரண்டும் தொங்கவிட அழகு. முழுப் பச்சை சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி. கீழே சுற்றுச்சுவர் ஓர மண்ணில் ஊன்றிவிட்டேன், அது பாட்டுக்கு வளர்கிறது. சுருள் இலைதான் பிடிவாதக்காரி. நேர் இலையோடு ஒரே தொட்டியில் வருஷக்கணக்காக வைத்தாலும் சுருண்டுதான் வரும்.

தாய்ச்செடி நீளமாக ஒரு தண்டு விடும். அதன் நுனியில் குட்டிகள் தொங்கும். அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை. தாயோடு இருக்கும்போதே பக்கத்துத் தொட்டி மண்ணில் ஒரு ஹேர்பின்னால் குத்தி வைத்தால் போதும். வேர் பிடித்த பிறகு தண்டை நறுக்கலாம். தாய்க்குத் தெரியக்கூடத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் குட்டி என்றால் கொழுந்தன் மகளும்தான். நாங்கள் மூன்றாம் மாடி, அவர்கள் அதே கட்டடத்தில் முதல் மாடி. ஓரகத்திக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலை. தவழ்வதற்கு முன்பே குட்டி என் கைக்கு வந்துவிட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னால் எல்லோரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள், நீங்களும் வைக்காதீர்கள். பல் முளைத்தது, காய்ச்சலில் பிதற்றியது, எழுத்துக் கூட்டியது எல்லாம் என் வீட்டில்தான். முடி மட்டும் அம்மாவைப் போல அப்படியே சுருட்டை. காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, இறுக்கிப் பின்னிவிடுவேன். சாயங்காலம் பார்த்தால் நெற்றியெல்லாம் சுருண்டு நிற்கும்.

ஓரகத்தி நல்லவள். ஒரே ஒரு கெட்ட பழக்கம், செடி திருடுவாள்.

"எடுத்துக்கோம்மா, தொட்டியோடயே தரேன்" என்பேன்.

"ஐயோ வேணாங்க்கா. செடியைக் கேட்டு வாங்கினா தழைக்காது. திருடி வச்சாத்தான் வரும்" என்று சிரிப்பாள்.

நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு குட்டி அவள் கைப்பைக்குள் போயிருக்கும். ரத்தப் பரிசோதனை செய்கிறவள், இப்படி ஒரு மூடநம்பிக்கை. நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அவள் ஜன்னலில் தழைத்து நின்றதெல்லாம் என் செடிகள்தான்.

போன மாதம் கொழுந்தனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குட்டியும் போகிறாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. என் கணவர்தான் சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டே, "அவங்க பொண்ணை அவங்க கூட்டிட்டுப் போறாங்க, உனக்கென்ன?" என்றார். உனக்கென்ன! வளர்த்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கு ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை, இறங்கவும் வேண்டாம்.

பால்கனிக் கம்பித் தடுப்பு ஒரு பக்கம் துருப்பிடித்துக் கிடந்தது. என் தொட்டிகளிலிருந்து வடிந்த தண்ணீர் செய்த வேலை. யாரும் சாய்ந்துவிடக் கூடாது என்று பெரிய தொட்டி ஒன்றை அங்கே அணைத்து வைத்திருந்தேன். அதை நகர்த்தினேன். தாங்கிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டையும் கழற்றினேன். சுருள் இலைத் தொட்டியைத் தடுப்புக்கு வெளியே, எட்டியும் எட்டாமலும் தொங்கவிட்டேன். குட்டிகள் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தன.

மறுநாள் சாயங்காலம் அவள் மேலே வந்தாள். "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணுங்க்கா" என்றாள்.

"இரு, டீ போட்டு எடுத்துட்டு வரேன். அந்தச் சுருளை மட்டும் தொட்டுடாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நான் அவளைத் தள்ளவில்லை. தொடாதே என்றுகூடச் சொன்னேன். டீத்தூள் போடும்போது சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். பால் பொங்கினால் துடைப்பது யார்? கீழே பச்சைச் செடிகளின் மேல் கிடந்தாள். கைக்குள் குட்டி இருந்தது, வேர்கூட நசுங்கவில்லை என்றார்கள். கிள்ளத்தான் செய்திருக்கிறாள்.

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது எங்கள் குட்டிதான். "எதுக்கு பெரியம்மா?" என்று கேட்டாள். "கம்பியை இறுக்கத்தான்டா" என்றேன். கம்பி இறுகவில்லை, கழன்றுதான் வந்தது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்தவள் நான்தானே. சாப்பிட மாட்டேன் என்கிறாள், தலையில் யாரையும் கை வைக்க விடவில்லை, சுருட்டை முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அம்மா சேலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். புதிதாக வெட்டி வைத்த குட்டி நாலு நாள் வாடத்தான் செய்யும். எனக்குத் தெரியாததா?

இப்போது கொழுந்தன் சொன்னதாக ஒன்று சொல்கிறீர்கள். குட்டியைப் பள்ளிப் படிப்பு முடியும்வரை என்னிடமே விட்டுப் போக அவள் முடிவு செய்திருந்தாளாம். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு மேலே வந்தாளாம். "ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்களே குடுத்திருப்பாங்களே" என்கிறீர்கள்.

நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொல்லாதீர்கள், ஐயா.

கேட்டு வாங்கினால் தழைக்காது.