பிந்தி முளைக்கும் செவ்வரத்தை

— மெதுவா பேசுங்க றெஜினாக்கா. மேல அனு தூங்குறா.

— கத்துவன்! என்ர வீடு, என்ர வளவு, நான் கத்துவன். இந்தக் கிடங்கை ஆர் வெட்டினது? அதைச் சொல்லும் முதல்ல.

— நான்தான். அந்தக் காஞ்ச குச்சியெல்லாம் எடுத்துட்டு பெட்டூனியா பூச்செடி வைக்கலாம்னு. பாருங்க, ரெண்டு தட்டு வாங்கியாந்திருக்கேன். பிங்க் கலர்.

— காஞ்ச குச்சியோ? ஆனந்தகிருஷ்ணன், உமக்கு விசரோ? அது செவ்வரத்தை! போன வருசம் பனிக்கு முதல், ஆஸ்பத்திரியால வந்த கையோட உம்மட மனுசியும் நானும் இதே இடத்தில குந்தியிருந்து நட்டது!

— செம்பருத்தின்னு தெரியும்க்கா. ஆனா செத்துப்போச்சு. மே மாசம் முடியப் போகுது. பக்கத்து வீட்டு அம்மா கத்தரினோட தோட்டத்துல டியூலிப் பூத்து உதிர்ந்தே போச்சு. இது ஒரு பச்சை காட்டல. சிம்பிள் லாஜிக்.

— உம்மட லாஜிக்கைக் கொண்டுபோய் சென்ட் லோரன்ட்ல நீர் பிளேன் செய்யிற இடத்தில வையும். இது இந்தக் குளிருக்கெண்டே இருக்கிற சாதி. பனிக்குள்ள செத்தது போலக் கிடக்கும். மற்றதெல்லாம் எழும்பி ஆட்டமெல்லாம் ஆடி முடிய, ஜூன் பிறந்தாப் பிறகுதான் இது கண் முழிக்கும். அடி வேர் எங்க? எங்க போட்டனீர்?

— தோட்டக் குப்பை போடுற பிரவுன் பின்ல. நேத்து நீங்க கார்டரிக்குப் பிள்ளைங்களப் பாத்துக்கப் போயிருந்தப்ப தோண்டினேன். இன்னிக்கு காலையில வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு.

— மாதாவே!

— சரி விடுங்கக்கா. ஒரு செடிக்குப் போயி இவ்ளோ கோவமா? புரோசார்ட்ல பெரிய நர்சரி இருக்கு. சாயங்காலமே போய் பூவோட வாங்கித் தர்றேன்.

— வாங்கித் தாறாராம்! என்ர கதிரையை உடைச்சுப்போட்டு வாங்கித் தாரும், வாயை மூடிக்கொண்டு வாங்கிறன். இது என்ர செடியில இருந்து பிரிச்சு அனுவின்ர கையில குடுத்தது. விடிஞ்சா ஜன்னலடியில வந்து குந்தியிருந்து இதைத்தான் பாக்கிறவள். நீர் வேலைக்குப் போறவர், உமக்கு என்ன தெரியும்?

— எனக்குத் தெரியும்! அதுக்குத்தான் புடுங்கினேன்! காலையில எந்திரிச்சா, காப்பிகூடக் குடிக்காம, அந்த ஜன்னல்ல உக்காந்து செத்த குச்சியவே வெறிச்சுப் பாத்துட்டிருந்தா, பாக்குற எனக்கு எப்படி இருக்கும்? கலரா எதையாவது பாக்கட்டும்னு நினைச்சேன். அது ஒரு தப்பா?

— என்னைக் கேட்டனீரோ?

— நீங்க வீட்ல இல்ல.

— அவளைக் கேட்டனீரோ?

— அவளக் கேக்கறதா? கேட்டா பதில் வருமா? சாப்பிட்டியான்னா தலையாட்டுவா. குளிருதான்னா தலையாட்டுவா. வயித்துல இருந்த பிள்ளை எனக்கும்தானேக்கா போச்சு? நான் ஆபீஸ் போகல? நாலு பேரோட சிரிச்சுப் பேசல? டாக்டர் ஆறு வாரத்துல சரியாகிடும்னாங்க.

— அது உடம்புக்கடாப்பா!

— அப்போ மனசுக்கு எவ்ளோ நாள்? சொல்லுங்க. யாராவது ஒரு டேட் சொன்னா நான் காத்திருப்பேன். டேட்டே இல்லாம எப்படிக் காத்திருக்கிறது?

— நான் என்ன கலண்டரோ?

— பொறுமையப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க. மைக்ரோவேவ் நிக்கிறதுக்குள்ள கதவத் திறக்குற ஆளு நீங்க. கீழ இருந்து டப்புன்னு சத்தம் கேக்கும், ஒரு தடவைகூட அது முழுசா ஓடி நான் கேட்டதில்ல.

— ஓம், நான் அவசரக்காரிதான். அதாலதான் சொல்லுறன். முதல் வருசம் நானும் செத்துப்போச்செண்டு தடியால கிளறினனான். உள்ளுக்கிருந்த முளையெல்லாம் முறிஞ்சு போச்சு. அந்தக் கோடை முழுக்க ஒரு பூ இல்லை. என்ர மனுசன் வின்சன்ட் இண்டைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுவார். கொஞ்சம் அங்கால அரக்கி நில்லும், அந்தக் கிடங்கைப் பாக்கவேணும்.

— அதுல ஒண்ணும் இல்லக்கா. மண்ணுதான்.

— இஞ்ச பாரும்.

— என்ன அது?

— முறிஞ்ச வேர். நீர் மண்வெட்டியால கொத்தின துண்டு. கிட்ட வந்து பாரும், இந்த நுனியில. சிவப்பா, ஊசி மாதிரி. தெரியுதோ?

— ...முளையா?

— பின்ன என்ன, பல்லுக்குத்தியோ? இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தா மண்ணுக்கு மேல வந்திருக்கும்.

— எனக்கு... தெரியாதுக்கா. நிஜமா தெரியாது.

— தெரியாட்டி கேக்கவேணும்! வாய் எதுக்கு இருக்கு? ஏன் காணும், இன்னும் என்ன செய்து வச்சிருக்கிறீர்? முகம் வேற மாதிரிப் போகுது.

— அவளுக்கு டிக்கெட் போட்டுட்டேன். சென்னைக்கு. அம்மா வீட்ல ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும்னு. புதன்கிழமை ஃபிளைட்.

— அவளுக்குத் தெரியுமோ?

— இன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.

— உம்மை அந்த பெட்டூனியாத் தட்டாலயே அடிக்கவேணும்! செடியையும் புடுங்கி, பெட்டையையும் புடுங்கி, கண்ணுக்கு முன்னால கவலை ஒண்டும் இருக்கக்கூடாது, என்ன? எல்லாத்தையும் வாரி எறிஞ்சுபோட்டு நீர் மட்டும் சிரிச்சுக்கொண்டு திரியப் போறீர்!

— நான் ஒண்ணும் சிரிச்சுட்டுத் திரியல! கார்ல ஏறி, கதவச் சாத்திட்டு, அழுதுட்டுத்தான் தினம் வேலைக்குப் போறேன். போதுமா?

— இதை ஏன் என்னட்டச் சொல்லுறீர்? மேல போய்ச் சொல்லும்!

— அவ முன்னாடி நானும் உடைஞ்சு போனா...

— பொறும். கதையாதேயும். படியைப் பாரும்.

— அனு? எப்ப எந்திரிச்ச? செருப்பு போடாம வராத, மண்ணெல்லாம் ஈரம். எவ்ளோ நேரமா அங்க நிக்கிற? அனு, அந்தச் செடிய நான் வேணும்னு புடுங்கல, உனக்காகத்தான்...

— வா பிள்ளை, என்ர கையைப் பிடி. செடி போச்செண்டு அழாத. அம்மாச் செடி முன்னுக்கு இருக்கு, நான் வேறொண்டு பிரிச்சுத் தாறன்.

— அந்தச் செடிய நான் ஒரு நாளும் பாக்கலக்கா. தினம் காலையில ஜன்னலுக்குக் கீழ இவன் இந்த வழியாத்தான் காருக்குப் போவான். ஆஸ்பத்திரியில இருந்து நான் வர்றதுக்குள்ள தொட்டிலத் தூக்கிக் குப்பைக்குன்னு ரோட்டோரம் வச்சுட்டானே, அதப் பத்தி ஒரு வார்த்தை பேச, என்னிக்காவது பாதியில திரும்பி மேல வருவானான்னு இவனத்தான் பாத்துட்டிருந்தேன்.