விசிலில்லாத ஷோ

இல்ல சார், மொத ஷோ வேணாம். காலைல ஒம்போது மணி டிக்கெட்ட வேற எவனுக்குனா குடுத்துக்கங்க. எனக்கு விசிலடிக்காத ஷோவா ஒண்ணு சொல்லுங்க.

சிரிக்காதீங்க சார், நெசமாத்தான் கேக்குறேன். பேங்க்க கொள்ளயடிக்கற படம், வெட்டு, குத்து, விசிலடிக்காம எவன் பாப்பான்? கரெக்ட்டுதான். அதான் திங்கக்கெழம மத்தியானம் எப்பிடி இருக்கும்னு கேக்குறேன். கூட்டம் கொறையும்ல? இங்க சவுண்டு புதுசா மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. அந்த ஸ்பீக்கர் பொட்டி செவுத்துல எந்தப் பக்கம் கீது? அதுக்குக் கிட்டக்க ஒரு சீட்டு போடுங்க.

திண்டிவனம் சார். ஆமா, அங்கயும் இதே படந்தான் வருது. எங்க ஊர்லதான் ஷூட்டிங்கே எடுத்தாங்க, மூடிக் கெடந்த கல்யாண மண்டபத்த பேங்க்கா மாத்தி. அங்க பாத்தா ஊரே அவனவன் மூஞ்சி வருதான்னு எகிறிக் குதிக்கும், ஒரு வார்த்த காதுல வுழாது. அதான் பஸ் ஏறி விழுப்புரம் வந்தேன்.

நான் கொத்தனாரு சார், ராயப்பன்னு பேரு. ட்ரெய்லர்ல லாக்கர் ரூம் செவுத்துல ஓட்ட போட்டு பூர்றானுங்களே, அது நான் கட்டினது. ஒடைக்கறதுக்குன்னே சிமெண்ட கொறச்சிப் போடச் சொன்னாங்க. இருவது வருச சர்வீசுல மொத தடவயா சொல்லிட்டு மட்டமா கட்டினேன்.

ட்ரெய்லர்ல ஒரு பொம்பள மஞ்சப்பைய கட்டிப் புடிச்சிகினு அழுவும், ரெண்டு செகண்டு வரும், பாத்தீங்களா? முகமூடி போட்டவன் பைய இஸ்துகினே இருப்பான், வுடவே வுடாது. அது என் ஊட்டுக்காரி, ஜெசிந்தா.

ம். எல்லாரும் அதான் சொல்றாங்க, நல்லா நடிச்சிருக்குன்னு.

அவ நடிக்க வர்ல சார். நான் அங்க வேல பாத்துகினு இருக்கேன், பன்னெண்டு மணி இருக்கும், கையில மஞ்சப்பையோட வந்து கேட்டாண்ட நிக்கிறா. காலைல முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தா. வயித்துல கட்டின்னு சதைய எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தாங்க, அந்த ரிப்போர்ட்டு வாங்க. நானும் கூடப் போயிருக்கணும். செவுரு ஜல்தியா முடியணும்னு ஒரே பேஜாரு, நீ மட்டும் போய்ட்டு வாடின்னு அனுப்பிட்டேன். வந்தவள இன்னான்னு கேக்கறதுக்குள்ள அரிபிரசாத்னு ஒரு அசிஸ்டண்டு டைரக்டரு ஓடியாந்து, இந்தக்கா மூஞ்சிதான் வேணும், பேங்க்ல நகை வெக்க வந்தவங்களா நிக்கட்டும்னாரு. இல்லங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இவ என் கையப் புடிச்சா. அதெல்லாம் அப்பறம் சொல்லிக்கலாம், இந்த மாதிரி சான்ஸு கெடைக்குமா, போடின்னு நாந்தான் உள்ள தள்ளி வுட்டேன்.

அவ கொண்டாந்த அந்தப் பையிலயே நகை இருக்கறதா கத. கத்தணும், அழுவணும், பைய வுடக்கூடாது. அவ்ளோதான் சொல்லிக் குடுத்தாங்க, வசனமெல்லாம் கெடயாது. வெளிய ஒரு டிவி வெச்சிருந்தாங்க, நான் அதுல பாத்துகினு இருந்தேன். சத்தம் வர்ல. ஆனா வாய் அசையுது சார். வெறும் அழுகை இல்ல, என்னமோ சொல்றா. ஒரே டேக்கு. டைரக்டரே எழுந்து கைதட்டினாரு.

இன்னாடி சொல்லிக் கத்துனேன்னு கேட்டேன். வாய்க்கு வந்ததுன்னா. ரிப்போர்ட்டுன்னேன். அடுத்த வாரம் வரச் சொன்னாங்கன்னா. நானும் வுட்டுட்டேன். சாயங்காலம் தெரு பூரா என் பேச்சுதான், என் பொண்டாட்டி சினிமால நடிச்சிட்டான்னு.

டப்பிங்கா? வேற ஆளு கொரல் குடுப்பாங்கன்னு தெரியும் சார். ஆனா இவரு ஸ்பாட்லயே சத்தம் புடிக்கற டைரக்டராம். ஒருத்தன் நீளமா ஒரு கொம்புல மைக்க கட்டி அவ தலைக்கு மேல புடிச்சிகினு நின்னான், நானே பாத்தேன். ட்ரெய்லர்ல மியூசிக்கப் போட்டு அமுக்கிட்டாங்க. படத்துல இருக்கும். இருக்கணும் சார்.

அவளையே கேக்கறதா? கேட்டேனே. மூணு மாசம் கழிச்சி அடுப்பாண்ட மயங்கி வுழுந்துட்டா, தூக்கினு ஓடுனோம். டாக்டரம்மா ஃபைல புரட்டிட்டு, அன்னிக்கே ரிப்போர்ட்ட இவங்க கையில குடுத்து வூட்டுக்காரர உடனே கூட்டினு வாங்கன்னு சொன்னோமேன்னாங்க. கேன்சர்னு போட்டிருந்துது. தேதியப் பாத்தேன். ஷூட்டிங் எடுத்த அன்னிக்குத் தேதி. அந்த மஞ்சப்பைல அதான் சார் இருந்துருக்குது. ஏண்டி சொல்லலன்னு அழுதேன். நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க, அப்பறம் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போச்சுன்னா. அன்னிக்கு இன்னா கத்துனேன்னு திரும்பவும் கேட்டேன். லேசா சிரிச்சிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினா. போன ஜூன்ல கல்லறைக்குக் கொண்டு போய்ட்டோம்.

ரெண்டரை மணி ஷோவா? அதுவே போடுங்க, ஒண்ணுதான்.

விசிலடிக்கறவனுங்கள நான் தப்பு சொல்லல சார். அன்னிக்கு ஷூட்டிங் முடிஞ்சி அவ கண்ணத் தொடச்சிகினு வெளிய வந்து, அத்தினி கூட்டத்துல என்னயத் தேடி நேரா எங்கிட்ட வந்தா. வாயத் தொறந்தா. மொத விசிலு நாந்தான் அடிச்சேன்.