பின்னாடி பிடிச்ச கை

உங்க நாற்காலி நல்லா இருக்கு சார், நிமிந்து உக்காரலாம். முதுகு போன ஆளுக்கு எங்க போனாலும் முதல்ல நாற்காலிதான் கண்ணுல படும்.

ஒழுங்காவே சொல்லிடுறேன். நான் பேட்டரி கம்பெனியில இருந்தவன். அதை மூடினப்போ எனக்கு அம்பது தாண்டிடுச்சு. அந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? ஆனா வயசானவங்களைப் பாத்துக்கிற வேலை மட்டும் எங்கயும் இருந்துச்சு. எந்த வீட்டுக்குள்ள போனாலும் ஒருத்தர் படுத்திருப்பாங்க, பிள்ளைங்க வேலைக்குப் போயாகணும். ஏஜென்சியில சேந்தேன். தூக்குறது, குளிப்பாட்டுறது, துணி மாத்துறது. கொஞ்ச வருஷத்துல முதுகு போச்சு. அதை ஏஜென்சியில சொல்ல முடியாது. சொன்னா மறுநாளே வேற ஆள்.

அப்போதான் இந்தப் பெரியவர் வீடு கிடைச்சுது. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு வந்திருந்தார். ஆள் ஒல்லி. பச்சப் பிள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கிடலாம், வாய்தான் கனம். என்னை மீசைன்னுதான் கூப்பிடுவார். நடக்கப் பழகுற நேரம் வந்தா, "என்ன மீசை, வண்டியை எடுப்போமா?"ம்பார்.

அவருக்கு ஒரே பொண்ணு. கால் சென்டர்ல வேலை. தங்கமான பொண்ணு. ஒருநாள் சமையக்கட்டுல என்னை நிறுத்தி, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா தானா பாத்ரூம் போக ஆரம்பிச்சுட்டா உங்களை வேலையிலேருந்து நிறுத்திக்கிறேன். என் சம்பளத்துல பாதி இதுக்கே போயிடுது"ன்னுச்சு.

"அவர் நடந்தா எனக்கும் சந்தோஷந்தானம்மா"ன்னேன். நிஜமாத்தான் சொன்னேன்.

ஏஜென்சியில கேட்டேன். அடுத்த வீடு தயாரா இருக்குன்னாங்க. அசையாம படுத்திருக்கிற ஆள். நல்ல பருமன், மாடி வீடு வேற.

பெரியவருக்கு நடக்கச் சொல்லிக் குடுக்க வந்த டாக்டரம்மா ஒரு பெல்ட்டு குடுத்திருந்தாங்க. இடுப்புல கட்டணும். முதுகுப் பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும். அவர் நடக்க நடக்க நான் பின்னாடியே போய் அதைப் பிடிச்சுக்கணும், விழுந்தா தாங்குறதுக்கு. எதிர்ல நின்னு பாக்குறவங்களுக்கு என் கை தெரியாது.

கொஞ்சந்தான் சார். அவர் காலை எடுத்து வெக்கிறப்போ கைப்பிடியைக் கொஞ்சம் பின்னாடி இழுப்பேன். தடுமாறுவார். உடனே தாங்கிப்பேன், விழ விட்டதே இல்ல. பொண்ணு பாத்துட்டு மூஞ்சி வாடிப் போயிடும். "அவசரப்படாதம்மா, மெதுவாத்தான் வரும்"னு நான்தான் தேத்துவேன்.

பெரியவர் முதல்ல சிரிச்சார். "எவனோ பின்னாடி உக்காந்து பிரேக்கை மிதிக்கிறான்டா"ன்னார். அப்புறம் சிரிக்கிறதை விட்டுட்டார். நடக்கலாம்னு சொன்னாலே கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்குவார். "என் கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது மீசை"ன்னு ஒருநாள் அழுதார். நான்தான் கண்ணைத் துடைச்சு விட்டேன். அன்னிலேருந்து சோறுகூட நானே ஊட்டி விட்டேன். அவர் கைக்கு ஒண்ணும் இல்லதான். இருந்தாலும் ஊட்டினேன்.

அப்புறம் ஒரு மத்தியானம். பால்கனியில துணி காயப் போட்டுட்டு உள்ள வர்றேன், அவர் ஜன்னல்கிட்ட நிக்கிறார். பெல்ட்டு இல்ல, கம்பு இல்ல. தானா நடந்து போயிருக்கார்.

"பாத்தியா மீசை, வண்டி ஜம்முனு ஓடுது. கோளாறு என்கிட்ட இல்லடா, அந்த பெல்ட்டுலதான் இருக்கு"ன்னார். "பாப்பா வரட்டும். பெல்ட்டு கட்டி ஒரு நடை, கட்டாம ஒரு நடை நடந்து காட்டுறேன்."

என் மேல சந்தேகமே இல்ல அவருக்கு. அது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.

"பாப்பா வர்றதுக்குள்ள நாம ஒரு தடவை பாத்துருவோம்யா"ன்னு பெல்ட்டை எடுத்தேன். கட்ட வசதியா ரெண்டு கையையும் தூக்கிக் குடுத்தார்.

காலை எடுத்து வெச்சார். நான் இழுத்தேன், எப்பவும் இழுக்கிறதை விட பலமா. அப்புறம் தாங்கல. விட்டுட்டேன். வேணும்னுதான் விட்டேன். சத்தம்கூட பெருசா வரல, ஆள் ஒல்லியில்லையா.

தரையில கிடந்துக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தார். திட்டல. ஆஸ்பத்திரியில பொண்ணுகிட்ட, "மீசை இழுத்தான்மா"ன்னு மட்டும் சொன்னாராம். அவர் பொய் சொல்ற ஆள் இல்ல, எஃப்.ஐ.ஆர்ல அப்படியே எழுதிக்கங்க.

ஒரே ஒரு உதவி சார். இன்னொரு தொடையும் போயிடுச்சு, இனிமே எந்திரிக்கவே மாட்டார்னு சொல்லிட்டாங்களாம். பொண்ணு வேலைக்குப் போகணும், ஆள் தேடி அலையுதாம். புது ஆள் வந்து தொட்டா அவர் கூச்சப்படுவார். நீங்க அதுகிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்க, நானே பாத்துக்கிறேன். அவர்தான் இனிமே நடக்கப் போறதில்லையே, என்னால அவருக்கு ஒரு கெடுதலும் வராது.